‘இதில் யாருமே நனையவில்லையே’: ஒரு குழந்தைப் பாடல் வகுப்பைப் பற்றி

குழந்தைகளுக்குப் பாட்டு எழுதக் கற்றுத்தருகிறோம், அதுவும் ஐம்புலன்களை வைத்து, என்று ஓர் இணைய வகுப்பின் விளம்பரம் கண்ணில் பட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். தொடுவதையும் முகர்வதையும் எப்படிச் சொல்லித் தருவார்களாம்? இருந்தாலும் சேர்ந்துவிட்டேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம். கூடவே அஞ்சலில் 40 அட்டைகள் கொண்ட ஒரு பெட்டி, பிடிஎஃப் ஆகப் பயிற்சித்தாள்கள், ஒரு வாட்ஸ்அப் குழு. எங்கள் தொகுதியில் 18 பேர். நடத்தியது யார் என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. பாராட்டவும் இருக்கிறது, திட்டவும் இருக்கிறது, திட்டுகிற இடத்தில் தயங்கக் கூடாது இல்லையா, அதற்காகத்தான்.

சேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகள். ஐந்து வயது. நான் எழுதுகிற பாட்டையெல்லாம் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். பொறுமையாகக் கேட்பாள், முடிந்ததும் "சரி பெரியம்மா" என்று எழுந்து போய்விடுவாள். அந்த "சரி" இருக்கிறதே, பத்திரிகைகள் திருப்பி அனுப்பியபோதுகூட எனக்கு அவ்வளவு வலித்ததில்லை.

முதல் வாரத்துக்கு முன்பே மழையைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பியது இது, வெட்கத்தோடு போடுகிறேன்:

அழகான மழை வந்தது,
இனிமையான காற்று வந்தது,
பச்சைப் புல்லும் நனைந்தது,
மனசு எல்லாம் மகிழ்ந்தது.

வகுப்பில் ஆசிரியர் இதைத் திரையில் போட்டார். ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் மிகச் சாதாரணமாக, "புல் நனைந்திருக்கிறது, சரி. ஆனால் இதில் யாருமே நனையவில்லையே" என்றார். அவ்வளவுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அழகு, இனிமை, மகிழ்ச்சி மூன்றையும் வட்டமிட்டு, இவையெல்லாம் மழையைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம், குழந்தைக்கு உங்கள் அபிப்பிராயம் எதற்கு, மழையைக் கொடுங்கள் என்றார். இருபது வருடமாகப் பாட்டு எழுதுகிறவள் நான். ‘அழகான’ என்ற சொல்லுக்குள் பார்க்க எதுவுமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சிவப்பு என்றால் ஏதோ ஒன்று தெரிகிறது, ஈரம் என்றால் எங்கோ படுகிறது, அழகு என்றால் ஆளுக்கொரு தலையாட்டல்தான் மிச்சம்.

திருத்தி எழுத அவர் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று. மழை முழுவதும் வேண்டாம், ஒரு துளி. அது உடம்பில் எந்த இடத்தில் பட்டது என்று மட்டும் சொல்லுங்கள். அன்று இரவு இது வந்தது:

சட்டைக் காலர் இடுக்கிலே
சொட்டு ஒன்று நுழைந்தது;
குட்டி எறும்பு போலவே
குறுகு றென்று நடந்தது.

பெரிய கவிதை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளிடம் வாசித்தபோது இரண்டாவது வரியிலேயே அவள் தோள்பட்டையைக் கூன வைத்துக்கொண்டாள், நான்காவது வரியில் கை முதுகுக்குப் போனது. பிறகு கேட்டாள், "கடிச்சுதா பெரியம்மா?" அவள் "சரி" சொல்லவில்லை! இந்த வகுப்புக்குக் கட்டிய பணத்தில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அட்டைப்பெட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் திட்ட வேண்டியது அங்கேதான் நிறைய. பெட்டி கெட்டியானது, அட்டையும் நல்ல தடிமன், குழந்தை வாயில் வைத்தாலும் பிய்யாது (சோதித்தாயிற்று, நான் இல்லை). 40 அட்டைகளைப் புலன்வாரியாகப் பிரித்து எண்ணிப் பார்த்தேன்: பார்வைக்கு 19, ஒலிக்கு 8, தொடுதலுக்கு 6, மணத்துக்கு 4, சுவைக்கு 3. ஐம்புலன் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்துவிட்டுப் பாதியைக் கண்ணுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான் இது, நமக்குப் பார்த்ததைச் சொல்லத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் அந்த வியாதிக்கு மருந்து விற்கிறவர்களுக்கே அது இருந்தால் என்ன செய்வது?

குழந்தைக்கு வரிசையே வேறு. கருவில் ஐந்து புலன்களில் முதலில் விழிப்பது தொடுவுணர்வு, கடைசியாகத் தேறுவது பார்வை. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 செண்டிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், மடியில் கிடக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம். கையில் கிடைத்ததை எல்லாம் வாய்க்குக் கொண்டுபோகிற வயதில் அது உலகத்தை நாக்காலும் உதட்டாலும்தான் படிக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துகிற இடம் நினைவிருக்கும்: ஓரறிவு உற்றறிவது, அதாவது தொடுவுணர்வு, இரண்டாவது நாக்கு, மூன்றாவது மூக்கு, கண் நான்காவது இடத்தில்தான் வருகிறது, அப்புறம் செவி, ஆறாவதாக மனம். அங்கே புல்லுக்கும் மரத்துக்கும் தொடங்கி மனிதன் வரை போகிற வரிசை அது, குழந்தைப் பாடலுக்காகச் சொன்னது இல்லை, தெரியும். இருந்தாலும் இந்த அட்டைகளைச் செய்தவர்கள் அந்த வரிசையில் அடுக்கியிருந்தால் பெட்டி வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இரண்டாவது குறை மொழி. அட்டைகளில் பாதி எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்தவை என்று படித்த உடனே தெரிகிறது. தொடுதல் அட்டை ஒன்றில் உதவிச் சொற்கள் என்று இப்படிப் போட்டிருந்தார்கள்: ‘மென்மையான, கரடுமுரடான, ஒட்டும் தன்மையுடைய, வழுக்கும் இயல்புள்ள’. ஒட்டும் தன்மையுடைய! கையில் பசை கொட்டிக்கொண்ட எந்தக் குழந்தை அம்மாவிடம் ஓடிவந்து "என் கை ஒட்டும் தன்மையுடையதாக இருக்கிறது" என்று சொல்லும்? பிசுபிசு என்று ஒரு சொல் இருக்கிறது. வழுக்குவதற்கு வழவழ, கொழகொழ என்று இரண்டு இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு வழுக்கல். சோப்புக்கட்டி வழவழ, அதே கட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறினால் கொழகொழ. சொரசொர, மொழமொழ, நறநற, முரமுர, கதகத, குளுகுளு, வெடவெட, நமநம... உட்கார்ந்து எழுதினால் ஒரு பக்கம் தாண்டும். புலனறிவைச் சொல்ல இவ்வளவு சாமான் வீட்டிலேயே கிடக்கும்போது மொழிபெயர்த்த பெயரடைகளை அட்டையில் அடித்து விற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

வகுப்பில் ஆசிரியர் இந்த அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு இரட்டைக்கிளவிக்கே ஒரு முழு மணி நேரம் கொடுத்தார், அது மொத்தப் பயிற்சியிலேயே சிறந்த மணி நேரம். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்திருக்கிறோம், ‘சல’ என்று தனியாகச் சொன்னால் ஒன்றும் இல்லை, ‘வா வா’ என்ற அடுக்குத்தொடரைப் பிரித்தால் ‘வா’ நிற்கும். அந்த இலக்கண விதியை அவர் குழந்தையின் பக்கத்திலிருந்து காட்டினார். பொருள் இல்லாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை, வாயில் போட்டு உருட்டினாலே போதும், அதனால்தான் அகராதி தெரியாத வயதில் இது முதலில் ஒட்டிக்கொள்கிறது என்றார். பிறகு எங்களைச் சொல்ல வைத்தார்: சொரசொர, கரகர, முரமுர, நறநற. நாக்கு எங்கே போய் அடிக்கிறது, கவனியுங்கள். இப்போது வழவழ, கொழகொழ, மொழமொழ, தளதள. ரகரமும் றகரமும் உராய்கின்றன, ழகரமும் ளகரமும் வழுக்குகின்றன. விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மீறுகிற சொற்களும் இருக்கின்றன என்று அவரே எச்சரித்தார். ஆனாலும் 18 பேரும் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் வாயை அசைத்துக்கொண்டிருந்த அந்தக் காட்சி, பார்க்க மீன்தொட்டி மாதிரி இருந்தது.

இதோடு சேர்த்து ஒரு பழைய சோதனையையும் சொன்னார். கோலர் என்ற உளவியலாளர் 1929-இல் எழுதியது: ஒரு கூரான முனைகள் உள்ள வடிவம், ஒரு வளைந்து உருண்ட வடிவம், இதில் எது ‘டகேடே’, எது ‘பலூபா’ என்று கேட்டால் பெரும்பாலோர் கூரானதைத்தான் டகேடே என்கிறார்கள். 2001-இல் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் ‘கிகி’, ‘பூபா’ என்று சொற்களை மாற்றிச் செய்தபோதும் அப்படியே வந்தது. அதாவது ஓசைக்கு ஒரு வடிவம், ஒரு தொடுகை இருக்கிறது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளுக்குக் கை வைத்துப் பார்த்தது போலப் பெயர் வைத்திருக்கிற ஒரு மொழியில் இதை விளக்க ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கை மகளிடம் இரண்டு வடிவத்தை வரைந்து கேட்டேன். உருண்டையைக் காட்டி, "இது பூபா. பாவம், பசிக்குது" என்றாள். ஆராய்ச்சியாளர்கள் யாரும் அந்த இரண்டாவது பாதியைப் பதிவு செய்திருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒலி. இங்கேதான் நான் சேர்வதற்கு முன்னால் சிரித்தது பலித்தது. ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு சத்தத்தை நேரலையில் கேட்க வைக்க வேண்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எழுத்தில் பிடிக்க வேண்டும். நல்ல பயிற்சி. முதல் ஆளாக ஒரு பெண்மணி குழாயடியில் வாளியை வைத்துத் திறந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தோம், காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமையாக எங்களைப் பார்க்கிறார், தண்ணீர் ஊமையாக விழுகிறது. வீடியோ செயலியில் இரைச்சலை நீக்குகிற வசதி ஒன்று இருக்கிறது, பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குப்பை என்று முடிவு கட்டிச் சுத்தமாகத் துடைத்துவிடும். ஒலியைப் பற்றிய வகுப்பில் ஒலியையே அரித்து எடுத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்து, 18 பேரிடமும் அந்த அமைப்பை எங்கே போய் அணைப்பது என்று விளக்கி முடிக்க 25 நிமிடம். எங்களுக்கு முன்னால் எத்தனையோ தொகுதி நடத்தியதாகச் சொல்கிறவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா, சேர்ந்தவுடன் அனுப்புகிற கடிதத்தில் ஒரு வரி போட்டிருந்தால் போதுமே.

ஆனால் கடைசியில் அந்த வாளி கேட்டது பாருங்கள், காத்திருந்தது வீண் இல்லை. வாளி காலியாக இருக்கும்போது தடதடவென்று கனத்த சத்தம், தண்ணீர் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது, மேலே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஓசை மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போய் விளிம்பு வந்ததும் சட்டென்று வழிகிற சத்தமாக மாறிவிடுகிறது. தினமும் கேட்கிறோம், வாளி நிரம்பிவிட்டது என்று பார்க்காமலே ஓடிப்போய்க் குழாயை மூடுகிறோம், ஆனால் எழுதச் சொன்னால் எல்லோரும் ‘சலசல’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். ஆசிரியர் அன்று ‘சலசல, கலகல, பளபள’ மூன்றுக்கும் தடை போட்டார். தேய்ந்த காசு, கடையில் செல்லாது, புதிதாக ஒன்று அடித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் அடித்துக்கொண்டு போனது கீழே விழுந்த தட்டு. தட்டு விழுந்தால் ஒரு தடவை ‘டங்’ என்று முடிந்துவிடாது, அது விளிம்பில் சுழன்றுகொண்டே சாயும், சாயச் சாயத் தரையைத் தட்டுகிற வேகம் கூடும், கடைசியில் நடுக்கம் மாதிரி ஆகி ஒரேயடியாக நிற்கும். பத்துத் தடவை போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன்:

தட்டு ஒன்று விழுந்தது,
டங்... டங்... டங்... டங்;
வட்டம் போட்டுப் பார்த்தது,
டங்டங் டங்டங் டங்;
கிட்டப் போனால் தூங்குது,
டிடிடிடி டிடிடிடி டிம்.

அந்த ‘டிம்’முக்காக ஒரு மணி நேரம் செலவழித்தேன். ‘டங்’கில் முடித்தால் தட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மகரத்தில் உதடு மூடிக்கொள்கிறது, தட்டும் தரையோடு மூடிக்கொண்டுவிட்டது. இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் வகுப்புக்கு வருவதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. எதுகையும் மோனையும் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்தவள்.

மணத்துக்கான வாரம் பாதி நன்றாக இருந்தது. வீட்டுப்பாடத்தில் 18 பேரில் 11 பேர் மண்வாசனையை எழுதியிருந்தோம், என்னையும் சேர்த்து. அந்த மணத்துக்கு 1964-இல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள்தான் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள், நம்மிடம் அதற்கு வெகு காலமாகவே சொல் இருக்கிறது என்று ஆசிரியர் எங்களைக் கொஞ்சம் குளிர வைத்தார். உடனே, இருப்பதால்தான் சிக்கல், ‘மண்வாசனை’ என்று எழுதிய கணமே யாரும் முகர்வதை நிறுத்திவிடுகிறார்கள் என்று குட்டும் வைத்தார். மணம் வருவதற்குக் காரணமான பொருளைச் சொல்லுங்கள், மணத்தின் பெயரைச் சொல்லாதீர்கள் என்பது அவர் வாதம். மலாய் தீபகற்பத்தில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியில், நாம் சிவப்பு, பச்சை என்று சொல்வது போல வாசனைகளுக்கென்றே தனிச்சொற்கள் இருப்பதாக 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. நமக்கு அந்த அளவுக்கு இல்லை, என்றாலும் வாசம், நெடி, வீச்சம், வாடை, கமறல் என்று கொஞ்சம் வித்தியாசம் காட்டத் தெரியும். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நல்ல மணத்துக்குச் சொன்ன சொல், இப்போது அதைப் பூவுக்கு எழுதினால் குழந்தை மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

இந்த வாரத்தில்தான் எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது. மற்றப் புலன்களின் செய்தியெல்லாம் மூளையில் தாலமஸ் என்ற நிலையத்தில் இறங்கி வண்டி மாறிப் போகின்றன, மூக்கின் செய்தி மட்டும் அங்கே இறங்காமல் நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிக்கு நேராகப் போய்விடுகிறது. பழைய பள்ளிப்பையைத் திறந்தால் பென்சில் சீவலும் ரப்பரும் கலந்து வருகிற அந்த வாசம் ஏன் அப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். ஆனால் இங்கே நான் ஆசிரியரோடு வாட்ஸ்அப்பில் கொஞ்சம் மல்லுக்கு நின்றேன். பென்சில் சீவலை முகர்ந்தால் எனக்குத்தான் கண் கலங்கும். ஐந்து வயதுக்காரிக்கு அது நேற்று சீவிய பென்சில், அவ்வளவுதான். குழந்தைப் பாடல் என்ற பெயரில் நாம் நம்முடைய ஏக்கத்தை எழுதித் தள்ளுகிற ஆபத்து மணத்தில்தான் அதிகம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

சுவைக்கு ஒதுக்கியது அரை மணி நேரம், அட்டைகள் மூன்றும் தின்பண்டம். குழந்தை எதை எல்லாம் நாக்கில் வைக்கும் என்று ஒரு நாள் பார்த்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஜன்னல் கம்பியின் இரும்பு, சட்டைப் பொத்தான், பென்சிலின் பின்பக்கம், மேலுதட்டில் வழிந்த கண்ணீரின் உப்பு, காய்ச்சல் வாயின் கசப்பு, விழுந்த பல்லின் குழி. இதில் ஒன்றுகூட இல்லை. பெரிதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை, தாண்டிப் போகலாம்.

பார்வை வாரமும் அப்படித்தான், ஒரே ஒரு பயிற்சியைத் தவிர. தரையில் உட்காருங்கள், கண் ஒரு மீட்டர் உயரத்துக்குமேல் போகக் கூடாது, அங்கிருந்து தெரிவதை மட்டும் எழுதுங்கள். மேசையின் அடிப்பக்கம் சாயம் பூசாமல் இருக்கும் என்று என் வீட்டு மேசையைப் பற்றியே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரியவர்கள் என்றால் முழங்கால்கள்.

இப்போது என் பெரிய சண்டைக்கு வருகிறேன். ஐந்தாம் வாரப் பயிற்சித்தாள் ஒரு கட்டம் போட்ட அட்டவணை: எட்டு வரிப் பாடல், ஐந்து புலனும் வந்தாக வேண்டும், வந்த புலனுக்கு நேராக டிக். நான் குளத்தைப் பற்றி எழுதினேன். பச்சை நிறம் டிக், தவளைச் சத்தம் டிக், குளிர்ச்சி டிக், பாசி வாடை டிக், சுவைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் குழந்தையைக் குளத்துத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டேன். எந்த அம்மா இதை வாசிப்பாள்? படித்துப் பார்த்தால் பாட்டு மாதிரி இல்லை, பொருள்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற ரசீது மாதிரி இருந்தது. என் காலர் துளியில் ஒரே புலன்தான் இருந்தது, தட்டில் ஒன்றுதான். அது போதும் என்று முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த அதே வகுப்பு ஐந்தாம் வாரத்தில் ஐந்தையும் கேட்டது எனக்கு இன்னமும் புரியவில்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினால் குழந்தை யார் பேச்சைக் கேட்கும்?

நேர்மையாகச் சொன்னால், அந்த அட்டவணையால் உருப்படியாக ஒன்று நடந்தது. வகுப்பில் இன்னொருவர் நாய்க்குட்டியைப் பற்றி எழுதியிருந்தார், அவருக்கும் சுவைக் கட்டத்தில்தான் முட்டிக்கொண்டது, நாய்க்குட்டியைக் கடித்தா பார்க்க முடியும்? அவர் நாக்கையே மாற்றிவிட்டார். நாய்க்குட்டி குழந்தையின் கன்னத்தை நக்குகிறது, அதற்கு அந்தக் கன்னம் உப்புக் கரிக்கிறது, ‘நீ அழுதாயா?’ என்று அது கேட்கிறது. நான் மைக்கை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். ஆகவே அட்டவணையே கூடாது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, அது எனக்கு உதவவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

புலன் ஐந்துதான் என்று எழுதி ஒட்டிவிட்டதால் விட்டுப்போன இன்னொன்று உண்டு. ஊஞ்சல் மேலே போய்த் திரும்பும்போது வயிற்றில் ஒரு காலியிடம் விழுமே, சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு நின்றால் வீடே சுற்றுமே, அது எந்த அட்டையில்? காதுக்குள் இருக்கிற மூன்று அரைவட்டக் குழாய்களில் உள்ள நீர்மம் நாம் நின்ற பிறகும் ஓடிக்கொண்டே இருப்பதால் வருகிற கிறக்கம் அது. குழந்தைகள் வேண்டுமென்றே தேடிப்போய் அனுபவிக்கிற புலன் அதைவிட வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் கேட்டேன், "நல்ல கேள்வி, எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார். எழுதினேன்:

சுற்றிச் சுற்றி நின்றேன் நான்,
சுவரு மட்டும் நிற்கவில்லை;
பற்றிக் கொள்ளக் கைநீட்டப்
பாவம், தரையும் நிற்கவில்லை.

இதற்கு வந்த எழுத்துவழிக் கருத்து: "அருமை! புலன்கள் நன்றாக வெளிப்பட்டுள்ளன." இதே வரி, ஆச்சரியக்குறி உட்பட, இன்னும் இரண்டு பேருக்கும் வந்திருந்தது, குழுவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது. ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனியாகக் கருத்து என்பது விளம்பரத்தில் அவர்கள் தடித்த எழுத்தில் போட்ட வாக்குறுதி. கேட்டதற்குப் பணிச்சுமை என்றார்கள். பதினைந்து நாள் கழித்து உண்மையான கருத்து வந்தது, அது நன்றாகவே இருந்தது, ‘சுவரு’ என்ற பேச்சு வழக்கை மாற்றாதீர்கள் என்று எழுதியிருந்தார். ஆனால் அதற்குள் வகுப்பே முடிந்துவிட்டது. வகுப்புப் பதிவுகளும் 10 நாளில் மறைந்துவிடும், அதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் விட்டுவிடக் கூடாது. எங்கள் தொகுதியில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கிற ஓர் ஆசிரியர் இருந்தார். இரண்டாம் வாரமே, "இந்தப் பெட்டியில் என் பிள்ளைகளுக்கு 21 அட்டைதான் இருக்கிறது" என்றார். அதற்குச் சமாதானம் சொல்லாமல் அடுத்த வகுப்பின் திட்டத்தையே மாற்றி, எல்லோரையும் கண் சம்பந்தப்பட்ட ஒரு சொல்கூட இல்லாமல் நிலாவை எழுதச் சொன்னார் எங்கள் ஆசிரியர். தொட முடியாது, கேட்காது, மணக்காது, என்ன செய்வது? ராத்திரியில் மொட்டைமாடித் தரை சுடாமல் இருப்பதும், பேச்செல்லாம் மெதுவாக ஆவதும், அம்மாவின் கை நெற்றியில் கிடப்பதும்தான் எழுத முடிந்தது. பதினெட்டுப் பாட்டும் தாலாட்டாக வந்து நின்றது.

ஆக, சேரலாமா என்று கேட்டால், ஆசிரியருக்காகச் சேரலாம், முதல் மூன்று வாரம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், தகும். அட்டைப்பெட்டியைத் தனியாகவும் விற்கிறார்கள், அதை வாங்க வேண்டாம். ஒரு நோட்டில் உங்களுக்குத் தெரிந்த இரட்டைக்கிளவிகளை எழுதி வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல பெட்டி. எழுதத் தொடங்கவே இல்லாதவர்களுக்கு அந்த அட்டவணை ஒருவேளை உதவும், ஏற்கெனவே எழுதுகிறவர்களுக்கு எரிச்சல் வரும். வீடியோ செயலியில் இரைச்சல் நீக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பதிவுகளைப் பார்க்க வேண்டியது அந்தந்த வாரமே. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், கருத்துகள் நேரத்துக்கு வந்திருந்தால் நான்கு.

என் தங்கையைக் கேட்டால் இந்த வகுப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தர மாட்டாள். நேற்று இரவு ஒன்பதரைக்கு அழைத்து, "அக்கா, நீ என்ன பாட்டு சொல்லிக்கொடுத்தே?" என்றாள். பின்னாலிருந்து டங்... டங்... என்று கேட்டது, அப்புறம் வேகம் பிடித்தது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் மிகத் திருப்தியாக ஒரு சின்னக் குரல், "டிம்."